சினிமாவில் பெண் கேட்டுப் போனேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத் தொடக்கத்தில், எங்கள் ராஜபாளையத்தில் நடந்தது இது. அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியில், மாந்தோப்புக்கு நடுவே ஒரு பழைய பங்களா இருக்கிறது. எப்போதும் பூட்டியே கிடக்கும். அன்று அதன் வாசலில் ஏழெட்டு வேன்கள் நின்றன. சினிமா எடுக்க வந்திருந்தார்கள்.

எழுபது வருடத்துக்கு முந்தைய கதையாம். மில் முதலாளியின் மகளும், அதே மில்லில் வேலை பார்க்கிற பையனும் காதலிக்கிறார்கள். பையனின் அம்மா முதலாளி வீட்டுக்குப் பெண் கேட்டுப் போகிறாள். அந்த ஒரு காட்சியில் தட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க எட்டுப் பெண்கள் வேண்டும், நிஜமாகவே மில்லில் வேலை பார்க்கிறவர்களாக இருந்தால் நல்லது என்று, ஆள் சேர்க்கிறவர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். நான் இருபத்திரண்டு வருடமாக ஒரு நூல் மில்லில் வைண்டிங் பிரிவில் இருக்கிறவள். அன்று எனக்கு வார விடுமுறை வேறு. “மூஞ்சிக்குப் பவுடர் போடுவாகளா?” என்று மட்டும் கேட்டேன். “இருக்கிற பவுடரையும் துடைச்சு விட்டுருவாங்கம்மா” என்றார் அவர்.

பக்கத்து வீட்டு மதினியையும் இழுத்துக்கொண்டு போனேன். சொந்தத்தில் அண்ணி முறை ஒன்றும் இல்லை. ஒரே தெருவில் பதினெட்டு வருடம் குடியிருந்து, சண்டை போட்டு, குழம்பு மாற்றிக்கொண்ட உரிமையில் மதினி.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் என் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது உங்களுக்குப் புரியாது.

என் மகன் கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற வேலை பார்க்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு பாத்திரக்கடைக்குக் கேமரா மாட்டப் போனவன், அங்கே பில் போட உட்கார்ந்திருந்த கடைக்காரர் மகளிடம் தானே மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். திருட்டைப் பிடிக்கத்தான் அந்த மனிதர் கேமரா வைத்தார். பாவம், இந்தத் திருட்டு அதில் விழவில்லை. அந்தப் பெண்ணே வீட்டில் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சாதியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. வசதியில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அவர்களுக்குச் சொந்தக் கடை, மாடி வீடு, கார். எங்களுக்கு வாடகை வீடு, என் வீட்டுக்காரர் ஓட்டுகிற லோடு ஆட்டோ, என் மில் வேலை. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர்கள் குதிக்கவில்லை. “பையன் வீட்டுப் பெரியவங்க முறையா வந்து கேக்கட்டும், பொறவு பாப்போம்” என்றுதான் சொன்னார்கள். மகன் சந்தோஷத்தில் ஓடி வந்து என்னிடம் சொன்னான்.

நான் போகவில்லை. எட்டு மாதம் போகவில்லை.

மார்கழியில் நல்ல காரியம் பேசக் கூடாது என்றேன். தையில் மில்லில் லீவு கிடைக்கவில்லை என்றேன். மாசியில் முழங்கால் வலி. சித்திரையில் வெயிலைக்கூடக் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. எனக்குக் கல்யாணமாகாத வயதில், என் அண்ணனுக்குப் பெண் கேட்டு எங்கள் அம்மா வசதியான ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. “தட்ட அங்கன கீழ வைங்க” என்று செருப்பு கிடந்த இடத்தைக் காட்டினாள். எங்கள் பக்கம் பெண் கேட்கக் கொண்டுபோகிற தட்டை வெறுந்தரையில் வைக்க மாட்டோம். பாய் விரித்து அதன் மேல்தான் வைப்போம். என் அம்மா அங்கேயே கீழே வைத்தாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அழுதாள். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், நம்மைவிட வசதியான வீட்டு வாசலில் போய் எதையும் கேட்டு நிற்பதில்லை என்று. அதைத்தான் மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் மகன் சாப்பாட்டுத் தட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். “எம்மா, அவிய வீட்டுல வேற ஒரு மாப்பிள்ளை பாத்துருக்காவ. ஆடி பொறந்துட்டா யாரும் ஒண்ணும் பேச மாட்டாவ. அதுக்குள்ள நீ வரலன்னா ஆவணில அந்த மாப்பிள்ளைக்கே முடிச்சிருவாவ. நீ வருவியா, மாட்டியா?”

“அந்த வாசல்ல போயி கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதியால என்னைய?” என்றேன்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் என் பிடிவாதம் பெரிய பிடிவாதம்.

இந்த லட்சணத்தில்தான் மறுநாள் சினிமாவில் பெண் கேட்கப் போனேன்.

பச்சை நிறத்தில் ஒரு நூல் சேலை கொடுத்தார்கள். கொண்டையை இறக்கிக் கட்டிவிட்டார்கள். தட்டுகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் சிவக்கச் சிவக்க ஆப்பிள் அடுக்கியிருந்தார்கள். அங்கே உதவி இயக்குநராக இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “எழுவது வருசத்துக்கு முன்னால மில்காரன் வீட்டுல ஏதும்மா ஆப்பிளு? மாந்தோப்புக்குள்ள உக்காந்துகிட்டு ஆப்பிள அடுக்கி வச்சிருக்கீகளே?” என்றேன். அவள் இயக்குநரிடம் ஓடினாள். செத்த நேரத்தில் ஆப்பிள் எல்லாம் போய், எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழம் ஒரு கூடை வந்து இறங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் என்னிடம் வந்து “அம்மா, இது சரியா?” என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மதினி என் இடுப்பில் இடித்து, “ஏட்டி, நீயே படத்த எடுத்துருவ போல இருக்கே” என்றாள்.

இயக்குநர் முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருப்பார். மரியாதையாகப் பேசினார். காட்சியை எங்களுக்கு விளக்கினார். முதலாளி மேல்படியில் நிற்பார். நாங்கள் கீழே வாசலில் தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். பையனுக்கு அம்மாவாக நடிக்கிற நடிகை படியேறிப் போய் முதலாளியின் காலில் விழுவார். அந்த நடிகையை நான் சின்ன வயதிலிருந்து திரையில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வந்து நின்றபோது, நம்ம சித்தி மாதிரி இருக்கிறாரே என்று தோன்றியது.

எடுக்க ஆரம்பித்தார்கள். நடந்தோம். வாசலுக்கு வந்தோம். மற்றப் பெண்கள் குனிந்து தட்டைக் கீழே வைத்தார்கள். என்னால் வைக்க முடியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கை இறங்கவே இல்லை.

“கட்! அந்தப் பச்சைச் சேலை அம்மா, தட்டைக் கீழ வைங்கம்மா” என்று மைக்கில் குரல் வந்தது.

இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாவது முறை, என்னைப் பார்த்து மதினியும் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். இயக்குநர் எழுந்து எங்களிடமே வந்துவிட்டார்.

“ஏம்மா, என்ன பிரச்சினை?”

“வெறுந்தரையில வைக்க மாட்டோம் சார். பாய விரிக்கச் சொல்லுங்க, வைக்கோம். இல்லன்னா கையிலயே இருக்கட்டும்.”

“இது சினிமாம்மா. நிஜமாவா பொண்ணு கேக்குறோம்?”

“மாம்பழமும் வெத்திலையும் நெசந்தான சார்?”

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். “அம்மா, இவங்க ஏழைங்க. முதலாளி வீட்டுக்குப் பயந்து பயந்து வர்றாங்க. அந்தப் பயம் எனக்கு ஸ்கிரீன்ல தெரியணும்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. “பயம் இருக்கும் சார், இல்லங்கல. அதுக்காக ஏழைன்னா கேக்கத் தெரியாதா? பிச்சையா கேட்டு வந்துருக்கோம்? பொண்ணு கேட்டுல்லா வந்துருக்கோம். கால்ல விழுந்து வாங்கிட்டுப் போற பொண்ணு எங்க வீட்டுல எப்படி சார் தல நிமுந்து வாழும்?”

என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது அந்த நடிகை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். “டைரக்டர், எனக்கும் இந்தக் கால்ல விழுற இடம் நேத்துல இருந்து உறுத்திக்கிட்டேதான் இருக்கு. இந்த அம்மா எப்படிக் கேப்பாங்கன்னு ஒரு தடவை பாத்துடுவோமே” என்றார்.

இயக்குநர் “சரி, செஞ்சு காட்டுங்கம்மா” என்றார்.

வாய்ச்சவடால் விட்டாகிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது. தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசலோடு நிற்கவில்லை. ஐந்து படியையும் ஏறி, முதலாளியாக நடிப்பவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். என்ன பேசுவது என்று யாரும் எழுதித் தரவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

“ஐயா, நாங்க மில்லுல வேலை பாக்குறவுக. எங்க நெலம என்னன்னு ஒங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்ல. எம்மவன் ஒங்க பொண்ண விரும்புதான். ஒங்க பொண்ணும் அவன விரும்புது. ஒளிஞ்சு மறைஞ்சு ஒண்ணும் வேண்டாம்னு, நாலு பேரு பாக்க முன்வாசல் வழியா கேக்க வந்துருக்கோம். குடுக்கதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம். ஆனா, எம்மவன் கேக்க ஆளில்லாத பய இல்ல.”

கடைசி வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

என் மகன்? எட்டு மாதமாக அவன் கேட்க ஆளில்லாத பயலாகத்தானே நின்றுகொண்டிருக்கிறான்? பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் வீட்டில் இருக்கும்போதே! கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கையில் தட்டு இருப்பதால் துடைக்கவும் முடியவில்லை. நான் நடிக்கிறேன் என்று நினைத்து அங்கே இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். மதினி மட்டும் தட்டவில்லை. அவளுக்குத்தான் என் வீட்டுக் கதை தெரியுமே.

இயக்குநர் காட்சியை மாற்றினார். நடிகை என்னை உட்கார வைத்து, நான் சொன்னதை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு அவர் அதே வார்த்தைகளைச் சொல்லி நடித்தார். நாங்கள் எட்டுப் பேரும் தட்டைக் கையில் ஏந்தியபடியே பின்னால் நின்றோம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்த நடிகை என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று கேட்டார்.

“இன்னும் பொண்ணு கேக்கவே போகல, தாயி. இனிமேத்தான் போவணும்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம், “வெள்ளிக்கிழமை வில்லிபுத்தூர் போறோம். அவிய வீட்டுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிரு” என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். ஏதாவது கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டான். அன்று செவ்வாய்க்கிழமை.

நான், என் வீட்டுக்காரர், என் அண்ணன், அண்ணன் சம்சாரம், பக்கத்து வீட்டு மதினி என்று ஐந்து பேர் கிளம்பினோம். மாப்பிள்ளைப் பயலை வீட்டிலேயே விட்டுவிட்டோம். வாடகைக் கார் பிடிக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். பஸ்ஸில்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். பாத்திரக்கடைக்காரர் வீட்டுக்கு எந்தத் தட்டைக் கொண்டுபோவது என்று ஒரு கவலை வந்தது. அந்த மனிதர் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவாரே! மதினி தன்னுடைய பித்தளைத் தாம்பாளத்தைத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று என் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தட்டையே எடுத்துக்கொண்டேன். ஆண்டாள் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, வெளியே ஓரமாக நின்று வெற்றிலை, பாக்கு, பூ, பழம், கல்கண்டு எல்லாவற்றையும் அடுக்கினோம்.

சினிமாவில் ஐந்து படி ஏறினேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த வீட்டுக்கு மூன்று படிதான். ஏறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தட்டு ஆடுகிறது. மாம்பழம் உருளுகிறது. மதினி பின்னாலிருந்து, “ஏட்டி, பழத்தப் பாரு” என்று முணுமுணுத்தாள்.

பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து “வாங்க” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மாவும் வந்து பின்னால் நின்றார். அவர் முகமும் சரியில்லை. கூடத்தில் சோபா போட்டிருந்தது. “தட்ட வச்சிட்டு உக்காருங்க” என்றார் பெண்ணின் அப்பா. எங்கே வைப்பது? பளபளவென்று டைல்ஸ் தரைதான் கிடந்தது. அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு என் அம்மா முகம் வந்துவிட்டது. நான் நின்றபடியே பேசினேன்.

“அண்ணாச்சி, தட்டு கையிலயே இருக்கட்டும். மொதல்ல வந்த சோலியச் சொல்லிருதேன். நான் மில்லுல வைண்டிங் வேலை பாக்கேன். இவிய லோடு ஆட்டோ ஓட்டுதாவ. வாடகை வீடுதான். எம்மவனுக்கு ஒங்க பொண்ணக் கேட்டு வந்துருக்கோம்.”

இதைத் தவிர வேறொன்றும் எனக்கு வரவில்லை. சினிமாவில் பேசிய வீரவசனம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. காலில் விழவும் இல்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பெண்ணின் அப்பா கேட்டார். “எட்டு மாசமா எங்கம்மா போயிருந்தீக?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“நாங்க தை மாசத்துல இருந்து ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் இன்னைக்கு வருவாக, நாளைக்கு வருவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். வரவே இல்ல. எங்க பொண்ண ஒங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சிட்டோம். நாமளாக் கூப்பிட்டு, எங்க பொண்ணக் கட்டிக்கிடுங்கன்னு எப்படிம்மா கேக்க முடியும்?”

பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “எம்பிள்ளைக்கு என்ன கொறன்னு இவிய வர மாட்டேங்காவன்னு, நான் அழாத நாளில்ல மதினி.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எந்த வாசலில் போனால் அவமானப்பட வேண்டிவரும் என்று நான் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேனோ, அந்த வாசலில் ஒரு தாய் எட்டு மாதம் என்னால் அவமானப்பட்டு நின்றிருக்கிறாள். வசதியானவர்களுக்கும் மானம் உண்டு, அதை நான் மிதிக்க முடியும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. “பிடிக்காம இல்ல மதினி. எனக்குப் பயம். கேட்டு, இல்லன்னு சொல்லிட்டீகன்னா என்ன செய்யன்னு பயம். எந்தப்புதான்” என்றேன். எட்டு மாதமாக மகனிடம்கூடச் சொல்லாததை, முதல் தடவையாகப் பார்த்த அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் புதுசாக ஒரு ஜமுக்காளம். சோபாவை அவரே ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, கூடத்தின் நடுவில் அதை விரித்தார். நான் யாரிடமும் ஜமுக்காளம் கேட்கவில்லை. நான் தட்டை இறக்காமல் நிற்பதைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். பிறகு என் எதிரில் வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். எல்லோரும் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடியே உட்கார்ந்ததைப் பார்த்து, அந்த நேரத்திலும் பக்கத்து வீட்டு மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அண்ணன் மட்டும் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் செய்தோம். ஆவணியில் கல்யாணம். என் மகனுக்குத்தான்.

படம் அடுத்த வருடம் வந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து ராஜபாளையத்தில் தியேட்டருக்குப் போனோம். கதைப்படி அந்தப் பையனுக்குப் பெண் கொடுக்கவில்லை, காதலர்கள் பிரிந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். பெண் கேட்கிற காட்சி நன்றாகவே வந்திருந்தது. நான் அதில் முக்கால்வாசி நேரம் நடிகையின் தோளுக்குப் பின்னால் ஒரு பச்சை முந்தானையும் முழங்கையுமாகத்தான் தெரிகிறேன். “எங்கத்தையோட கைதான் அது” என்று என் மருமகள் முன்வரிசைக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. நான் கூச்சப்படுகிற மாதிரி காட்டிக்கொண்டேன், உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

இப்போது எங்கள் மில்லில் யார் வீட்டில் பெண் கேட்கப் போனாலும், “அக்கா, நீங்க ஒரு எட்டு கூட வாங்க” என்று என்னையும் கூப்பிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு மம்சாபுரம் வரை போய்விட்டு வந்தேன். அந்த வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தட்டை வாங்கவே இல்லை. பையனின் அம்மா வழியெல்லாம் அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வீடு வந்து சேர்ந்ததும், வாசலில் காத்துக்கொண்டிருந்த அவள் மகன் ஓடி வந்து, “எனக்காகப் போயிக் கேட்டியேம்மா, அது போதும்” என்று தட்டை வாங்கிக்கொண்டான். கிடைக்கிறதோ இல்லையோ, பிள்ளைக்காக ஒரு வாசலில் போய் நிமிர்ந்து நின்று கேட்டுவிட்டு வருகிற தாய்க்கு எந்தக் குறையும் வந்துவிடாது என்பதை, எட்டு மாதம் பிந்தியாவது தெரிந்துகொண்டேனே என்று அன்றைக்கு இன்னொரு தடவை நினைத்துக்கொண்டேன்.